பொலிரோவின் பானட்டுக்குள் பைபாஸ் ஆயில் ஃபில்டருக்கு எங்கே இடம் ஒதுக்கலாம்?

கேள்வி: ஏலமலை ஓட்டுநர், கம்பம்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2.5 லிட்டர் டர்போ டீசல் இன்ஜின் பொருத்திய பழைய மஹிந்திரா பொலிரோ இருக்கிறது. ஏலக்காய்ப் பறிப்புக் காலம் முழுவதும் விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக அணக்கரை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத் தோட்டங்களுக்குப் போய், மாலையில் அவர்களைக் கொண்டுவந்து விடுவதுதான் இந்த வண்டியின் வேலை. ஏற்றத்தில் முழுச் சுமையுடன் இரண்டாம் கியரிலேயே வெகுநேரம் இழுக்க வேண்டியிருக்கிறது. தார்ச்சாலையை விட்டு இறங்கிவிட்டால் தோட்டத்துக்குள் கல்லும் சேறும்தான் பாதை. ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே மை போலக் கறுத்துவிடுகிறது. முன்பு ஒருமுறை இன்ஜின் பிரித்தபோது மெயின் பேரிங்குகளில் நீளவாக்கில் மெல்லிய கீறல்களைப் பார்த்தேன். அதன் பிறகுதான் ஆயிலைக் கூடுதலாக வடிகட்டும் எண்ணம் எனக்குள் வலுப்பட்டது.

பைபாஸ் வகை ஆயில் ஃபில்டர் ஒன்றை, அதைத் திருகி மாட்டும் தலைப்பகுதியோடு வாங்கி வைத்திருக்கிறேன். ஃபில்டரின் விட்டம் சுமார் 11 செ.மீ., உயரம் சுமார் 18 செ.மீ. ஆனால் பானட்டைத் திறந்தால் அதற்கு இடமே தெரியவில்லை. ஒரு பக்கம் பேட்டரியும் ஏர் ஃபில்டர் பெட்டியும் நிற்கின்றன. மறுபக்கம் டர்போவும் எக்ஸாஸ்ட் குழாயும் இருக்கின்றன. ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டீயரிங் ஆயில் குப்பி, வாஷர் தண்ணீர்க் குப்பி ஆகியவை மீதி இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன.

நான்கு இடங்களை யோசித்திருக்கிறேன். ஓட்டுநர் கால்மாட்டுக்கு முன்னால் உள்ள தடுப்புத் தகடு ஒன்று. முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உட்புறம் இன்னொன்று. முன் பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட வெளி மூன்றாவது. வண்டிக்கு அடியில், கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் சேஸிஸ் சட்டத்தின் உட்புறம் நான்காவது. அடியில் இடம் தாராளமாக இருப்பதால் அங்கேயே மாட்டிவிடலாம் என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்படிப் பொருத்தியவர்கள் அல்லது பொருத்திப் பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பணிமனை மேற்பார்வையாளர் (ஓய்வு), சின்னமனூர்

தம்பி, இடத்தைத் தேடுவதற்கு முன் அந்த ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். இடம் எது என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

இன்ஜினோடு வரும் வழக்கமான ஃபில்டர் முழு ஓட்டத்தையும் தாங்க வேண்டும். பம்ப் தள்ளும் ஆயில் அத்தனையும் அதற்குள் புகுந்துதான் பேரிங்குகளுக்குப் போகிறது. ஆகவே அதன் காகிதத்தை ஓரளவுக்கு மேல் நெருக்கமாகச் செய்ய முடியாது. பொதுவாக 25 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான துகள்களைத்தான் அது நம்பகமாகப் பிடிக்கும். பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே சுமையின்போது நிற்கும் ஆயில் படலமோ சில மைக்ரான் கனம்தான். அந்தப் படலத்தின் கனத்தை ஒத்த துகள்களே உலோகத்தை அதிகம் அறுக்கின்றன. நீங்கள் பார்த்த கீறல்களுக்கு அத்தகைய துகள்கள் காரணமாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பைபாஸ் ஃபில்டர் இந்த ஓட்டத்திலிருந்து 5 முதல் 10 விழுக்காட்டை மட்டும் தனியே பிரித்து, மிக நெருக்கமான ஊடகத்தின் வழியே மெதுவாக அனுப்பி, அழுத்தமில்லாமல் சம்புக்கே, அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கே, திருப்பிவிடுகிறது. அந்த ஆயில் பேரிங்குக்குப் போவதில்லை. எனவே இந்த ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் இன்ஜின் பட்டினி கிடக்காது. ஆனால் குழாய் அறுந்தால் நிலைமை வேறு. பம்பின் அழுத்தம் முழுவதும் அந்த வழியே வெளியேறி, ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்குள் இன்ஜின் சுழலாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இடம் தேடும்போது ஃபில்டருக்கான பொந்தைத் தேடாதீர்கள். இரண்டு குழாய்களும் உரசாமல், சூடுபடாமல், கல்லடி படாமல் போய்வரக்கூடிய வழியை முதலில் தேடுங்கள். அந்த வழியின் முனையில் எது கிடைக்கிறதோ அதுதான் இடம்.

உங்கள் மலைப்பாதைகளில் ஓடிய பழைய வில்லீஸ் ஜீப்புகளிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அந்தப் பெட்ரோல் இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு டப்பா போல நின்றது பைபாஸ் ஃபில்டர்தான். முழு ஓட்ட ஃபில்டர் பரவலாவதற்கு முன் வண்டிகளில் இருந்ததே அந்த வகை. இன்ஜினைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்கு வெளி இருந்த காலம் என்பதால் இடப் பிரச்சினை அப்போது எழவில்லை.

இனி உங்கள் நான்கு இடங்களுக்கு வருகிறேன்.

வண்டிக்கு அடியில் சேஸிஸ் ஓரம் மாட்டுவதை நான் ஏற்க மாட்டேன். குழாய் நீளமாகும், நீளமாகும்போது பிடிமானம் தர வேண்டிய இடங்களும் கூடும், அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் சட்டத்தின் விளிம்பு குழாயை அறுக்கத் தொடங்கிவிடும். தோட்டப் பாதையில் சக்கரம் தூக்கி எறியும் கருங்கல் சில்லும், பள்ளத்தில் தட்டும் பாறையும் முதலில் தேடி வருவது அந்த இடத்தைத்தான். சேறு அப்பிக் காய்ந்தால் கசிவு கண்ணுக்கே தெரியாது.

கால்மாட்டுத் தடுப்புத் தகடு பார்க்க வசதியான இடம். ஆனால் டர்போவும் எக்ஸாஸ்டும் அதற்கு அருகில் வருகின்றனவா என்று பாருங்கள். ஃபில்டரைக் கழற்றும்போது சிந்தும் ஆயில் எங்கே விழும் என்பதும் முக்கியம். சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் புகையோடு நிற்காமல் தீயும் பிடிக்கலாம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் எந்த இடம் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

மட்கார்டின் உட்புறமும் ரேடியேட்டர் ஓரமும் மிச்சம். இவ்விரண்டில் எது என்பதை வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றாலும், எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம், ரேடியேட்டர் சட்டமும் மட்கார்டும் சேரும் மூலை பெரும்பாலான வண்டிகளில் தகுதியானதாக இருக்கும். அங்கே வழக்கமாக உட்கார்ந்திருப்பது வாஷர் தண்ணீர்க் குப்பிதான். அதை இடம் மாற்றுவது எளிது.

பதில் 2: தோட்ட வாகனப் பராமரிப்பு, குமுளி

ஐயா சொன்ன மூலைதான் எங்கள் தோட்டத்துப் பொலிரோவிலும் கைகொடுத்தது. வாஷர் குப்பியைக் கழற்றி, சிறிய குப்பி ஒன்றைத் தடுப்புத் தகட்டில் மாட்டிவிட்டு, அந்த இடத்தில் ஃபில்டரைத் தொங்கவிட்டிருக்கிறோம். எப்படி அளந்து பார்த்தோம் என்பதை எழுதுகிறேன். உங்களுக்கும் அது உதவும்.

உண்மையான ஃபில்டரை வைத்துக்கொண்டு இடம் பார்க்காதீர்கள். கனமாக இருக்கும், ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் அளக்க முடியாது. ஃபில்டரின் விட்டத்துக்கும் உயரத்துக்கும் சரியாக அட்டையைச் சுருட்டி ஒட்டி, மேலே தலைப்பகுதியின் அளவுக்கு ஒரு மரத்துண்டைச் செருகிக்கொள்ளுங்கள். அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, அதன் தலையில் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். மாவு எவ்வளவு நசுங்கி நிற்கிறதோ அதுதான் மிச்சமிருக்கும் இடைவெளி. எங்களுக்கு முதலில் மாவு தாள் போலத் தட்டையாகிவிட்டது. பானட்டின் உட்புற வலுவூட்டும் பட்டை அந்த மூலையில் கீழே இறங்கி வருவது வெளியிலிருந்து தெரியாது. பிராக்கெட்டை 3 செ.மீ. இறக்கிய பிறகுதான் விரல் கனத்துக்கு மாவு நின்றது. அதற்குக் குறைந்தால் குலுங்கும் பாதையில் பானட்டும் ஃபில்டர் தலையும் மோதிக்கொள்ளும்.

கீழ்ப்பக்க இடைவெளியைப் பலரும் தேவைக்கு மேல் பெரிதாக நினைக்கிறார்கள். ஃபில்டர் தன் உயரம் முழுவதும் கீழே இறங்கி வர வேண்டியதில்லை. தலைப்பகுதியில் உள்ள மரையின் நீளம் அளவுக்கு இறங்கினால் போதும், பிறகு சாய்த்து எடுத்துவிடலாம். ஆனால் சுற்றிலும் கையோ பெல்ட் ஸ்பேனரோ நுழைந்து திருப்ப வழி வேண்டும். சிறிது காலம் ஓடிய ஃபில்டர் வெறும் கைக்கு அசைந்துகொடுக்காது. ஃபில்டரை எப்போதும் மரை மேலே, அடிப்பகுதி கீழே என்று நிற்கும்படி மாட்டுங்கள். படுக்கையில் வைத்தால் கழற்றும்போது உள்ளே உள்ள கறுப்பு ஆயில் அத்தனையும் மட்கார்டில்தான் ஊற்றும்.

மழைக்காலத்தை நீங்கள் அறிவீர்கள். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் இங்கே தோட்டப் பாதைகள் எப்படி ஆகிவிடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை வெட்டி இடம் உண்டாக்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். அது போய்விட்டால் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீர் நேராகக் குழாய் இணைப்புகளின் மேல் விழுந்து, மரைகள் துருப்பிடித்து இறுகிவிடும்.

சட்டம் குறித்தும் ஒரு வார்த்தை. நீங்கள் எல்லை தாண்டி வருபவர். கேரளத்தில் வாகன மாற்றங்களை அதிகாரிகள் கூர்ந்து பார்க்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பானட்டுக்குள் இருக்கும் ஓர் ஆயில் ஃபில்டர் பதிவுச் சான்றிதழின் எந்த விவரத்தையும் மாற்றுவதில்லை என்பதால் எங்களை யாரும் தடுத்ததில்லை. ஆனால் பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டி அதன் பின்னால் ஃபில்டரை ஒளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அத்தகைய கம்பித் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி 2017 இறுதியிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின்போது முதலில் நசுங்க வேண்டிய பகுதியில் அழுத்தமான ஆயிலை வைப்பதும் சரியல்ல.

பதில் 3: தேவாரம் வாசகர்

நான் மாற்றுக் கருத்து ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். இவ்வளவு சிரமப்பட்டு ஒரு ஃபில்டரை உள்ளே திணிப்பதை விட, ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது எளிது அல்லவா? டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பது இயல்பு. எரிந்த கரித்துகளைத் திரளவிடாமல் தாங்கி வைத்திருப்பதே ஆயிலில் சேர்க்கப்பட்ட மருந்துகளின் வேலை. அந்தக் கரித்துகள் ஒன்றின் அளவு மைக்ரானில் நூறில் சில பங்குதான் என்பதால், ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டவற்றை மட்டுமே பைபாஸ் ஃபில்டர் பிடிக்கும். எனவே ஃபில்டர் மாட்டிய பிறகும் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

பேரிங்கில் கீறல் என்றவுடன் எனக்குத் தோன்றியது புழுதி. கோடையில் தோட்டப் பாதையின் மண் ஏர் ஃபில்டர் பெட்டியின் தளர்ந்த கிளிப் வழியாகவோ, அதிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயின் வெடிப்பு வழியாகவோ உள்ளே போயிருக்கலாம். அந்த வழியை அடைக்காமல் பைபாஸ் ஃபில்டர் மாட்டுவதில் பயன் குறைவு. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மண் ஒட்டினால் காரணம் அங்கேதான்.

பதில் 4: பணிமனை மேற்பார்வையாளர் (ஓய்வு), சின்னமனூர்

தேவாரத்து நண்பர் ஏர் ஃபில்டரைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதை முதலில் செய்யுங்கள், தம்பி. ஆயில் மாற்றும் இடைவெளி விஷயத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன். அடிக்கடி மாற்றினாலும், மாற்றங்களுக்கு நடுவே சேரும் நுண்துகள்கள் அந்தந்த நாளில் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். பைபாஸ் ஃபில்டர் அவற்றை ஓடும்போதே குறைக்கிறது. அதே சமயம், இது மாட்டியதால் ஆயிலை மாற்றாமல் ஓட்டலாம் என்று விற்பவர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள். ஆயிலில் கலந்த டீசலை இது பிரிக்காது. அமிலத்தை முறிக்கும் மருந்து தீர்ந்துபோனால் அதை மீண்டும் ஊட்டவும் இதனால் முடியாது. இடைவெளியை நீட்டும் எண்ணம் இருந்தால் ஆயில் மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, இரும்பு, சிலிக்கான், கரி, பிசுபிசுப்பு, காரத்தன்மை ஆகியவற்றைப் பார்த்த பிறகே நீட்டுங்கள். சிலிக்கான் உயர்ந்திருந்தால் புழுதி நுழைகிறது என்று பொருள். நண்பரின் ஐயமும் அதில் தெளிந்துவிடும்.

ஏலமலை ஓட்டுநர், கம்பம்

அண்ணன்மார் அனைவருக்கும் நன்றி. துணியால் துடைத்துப் பார்த்தேன். குழாயின் உட்புறம் சுத்தமாகவே இருந்தது, இருந்தாலும் கிளிப்புகளைப் புதிதாக மாற்றிவிட்டேன். வாஷர் குப்பியைக் கழற்றி அட்டை ஃபில்டரைத் தொங்கவிட்டேன். பானட்டுக்கும் அதற்கும் நடுவே மாவு விரல் கனத்துக்கு நிற்கிறது. பெல்ட் ஸ்பேனரும் நுழைகிறது. இடம் முடிவாகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

இப்போது இரண்டு ஐயங்கள். ஆயிலை எங்கிருந்து எடுப்பது, எங்கே திருப்பி விடுவது? ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் பித்தளை டீ (T வடிவ) இணைப்பு மாட்டி எடுத்து, சம்பின் டிரெய்ன் பிளக்கில் துளையிட்டுத் திருப்பலாம் என்கிறார்கள். இரண்டாவது, உத்தமபாளையத்தில் ஜேசிபி குழாய் அழுத்தித் தரும் கடையிலேயே இரண்டு குழாய்களையும் செய்துகொள்ளலாமா?

பதில் 5: ஹைட்ராலிக் குழாய் கடை, உத்தமபாளையம் வட்டாரம்

இரண்டாவது கேள்வி என் தொழில் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன். எங்களைப் போன்ற கடைகளில் செய்துகொள்ளலாம், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் நாங்கள் அதிகம் போடுவது ஒற்றைக் கம்பிப் பின்னல் கொண்ட, எஸ்.ஏ.இ. 100 ஆர்1 என்று அச்சிட்ட குழாய். அழுத்தம் அதற்குப் பொருட்டே அல்ல. கால் அங்குல ஆர்1 குழாய் தாங்கும் அழுத்தத்தில் உங்கள் இன்ஜினின் அழுத்தம் சிறு பங்குதான். சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. அந்தக் குழாயின் ரப்பருக்குக் குறிப்பிட்ட உச்ச வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ். முழுச் சுமையுடன் மலை ஏறும் டர்போ டீசலின் ஆயில் அதைத் தாண்டும். ஹைட்ராலிக் வேலையில் நன்றாக உழைக்கும் அதே குழாய், இன்ஜின் ஆயிலில் உள்ளிருந்தே காய்ந்து விறைத்து, இணைப்பின் கழுத்தில் வெடிப்பு விடும். அப்படி வெடித்த குழாய்களைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே புதிது போல இருக்கும், வளைத்தால் உள்ளே சரசரவென்று நொறுங்கும் ஓசை கேட்கும்.

டெஃப்லான் உட்குழாயும் துருப்பிடிக்காத எஃகுப் பின்னலும் கொண்ட ஆர்14 வகையைக் கேளுங்கள். அது 200 டிகிரி வரை தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது சில அடி மட்டுமே. அந்த வகையில் இரண்டு கவனம் வேண்டும். டெஃப்லான் சட்டென்று வளைத்தால் மடிந்துவிடும், மடிந்த இடம் பிறகு நிமிராது. ஆகவே அகலமான வளைவாகவே கொண்டுபோங்கள், நேராக வளைக்க முடியாத இடத்தில் வளைந்த முனை போட்டுத் தரச் சொல்லுங்கள். அடுத்தது அந்த எஃகுப் பின்னல். அது எதன் மேல் உரசுகிறதோ அதை அரம் போல அறுத்துவிடும். ஒயர் கட்டு, ஏசி குழாய், ரேடியேட்டர் குழாய் எதன் அருகில் போனாலும் மேலே உறை போட்டே விடுங்கள். போகும் குழாய்க்குக் கால் அங்குலம் போதும். திரும்பும் குழாய் அதைவிடப் பெரிதாக, அரை அங்குலத்தில் முக்கால் பங்காவது இருந்தால்தான் ஆயில் தேங்காமல் இறங்கும். கடையில் எட்டில் மூன்று பங்கு (3/8) அங்குலம் என்று கேட்டால் தருவார்கள்.

அளவு எடுக்கும்போது இன்ஜின் நிற்கும் நிலையில் மட்டும் அளக்காதீர்கள். இன்ஜின் தன் ரப்பர் மவுண்டுகளின் மேல் சாய்ந்து ஆடும், ஃபில்டரோ பாடியில் நிலையாக நிற்கும். ஒருவரை உள்ளே உட்கார வைத்து, பிரேக் பிடித்தபடி கிளட்சை லேசாக விட்டு இன்ஜின் எவ்வளவு அசைகிறது என்று பார்த்து, அதற்குமேல் நான்கு விரல் நீளம் தளர்வு விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

பதில் 6: பணிமனை மேற்பார்வையாளர் (ஓய்வு), சின்னமனூர்

குழாய் பற்றி நண்பர் எழுதியதில் நான் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை. முதல் கேள்விக்கு வருகிறேன்.

பிரஷர் சுவிட்ச் துளையில் எடுப்பது பரவலான வழக்கம்தான். ஆனால் பித்தளை டீயை நேராக பிளாக்கில் திருகி, அதன் ஒரு முனையில் சுவிட்சையும் மறுமுனையில் குழாயையும் தொங்கவிட்டால், டீசல் இன்ஜினின் அதிர்வு அந்தக் கழுத்தை நாளடைவில் களைப்படைய வைத்து மரையோடு முறித்துவிடும். எஃகால் செய்த குட்டையான டீயைப் போடுங்கள். குழாயின் எடை டீயின் மேல் விழாதபடி, ஒரு சாண் தூரத்துக்குள் இன்ஜினிலேயே ஒரு கிளாம்ப் கொடுங்கள். சுவிட்சைத் தனியே கழற்றிப் பாடியில் மாட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒற்றை ஒயர் சுவிட்சுக்கு எர்த் கிடைப்பது இன்ஜின் பிளாக் வழியாகத்தான். அதைப் பிரித்து எர்த் சரியாகக் கிடைக்காமல் போனால் எச்சரிக்கை விளக்கு எரியாது, அழுத்தம் இறங்கினாலும் உங்களுக்குத் தெரியாது. இதே காரணத்துக்காக மரையில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றாதீர்கள். மேலும், டேப்பின் பிசிறு கழன்று உள்ளே போனால், அது போய் அடைக்கும் இடம் பைபாஸின் சிறு துளையாக இருந்தால் உங்கள் நல்ல நேரம். மரையின் வகையை உறுதிசெய்த பிறகே டீ வாங்குங்கள். பி.எஸ்.பி., என்.பி.டி., மெட்ரிக் மூன்றும் கண்ணுக்கு ஒன்று போலவே தோன்றும். முதல் இரண்டு சுற்று நுழைந்துவிட்டு மூன்றாவதில் பிளாக்கின் மரையைக் கெடுத்துவிடும். பழைய சுவிட்சைக் கடைக்கு எடுத்துப்போய் மரை அளவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டர்போவுக்கு ஆயில் போகும் குழாயிலிருந்து கிளை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். டர்போ ஷாஃப்டுக்குப் போகும் ஆயிலில் யாரும் பங்கு கேட்கக் கூடாது.

திருப்பி விடுவதற்கு டிரெய்ன் பிளக் வேண்டாம். வண்டியின் அடியில் தாழ்ந்து தொங்கும் இடம் அது. அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பில் பாறை தட்டினால் சம்ப் மொத்தமும் காலியாகும். டேப்பட் கவரிலோ (இன்ஜினின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் உறை) ஆயில் ஊற்றும் மூடியிலோ இணைப்பு கொடுத்து மேலிருந்து உள்ளே விடுவது நல்லது. மூடியில் கொடுப்பதாக இருந்தால், பழைய மூடி ஒன்றை வாங்கி அதில் துளையிடுங்கள். உங்களுடைய அசல் மூடி அப்படியே இருக்கட்டும், என்றாவது ஃபில்டரை நீக்க வேண்டி வந்தால் தேவைப்படும். டேப்பட் கவரில் துளையிட வேண்டுமானால் கவரைக் கழற்றி வெளியே வைத்துத்தான் துளையிட வேண்டும். இன்ஜின் மேல் இருக்கும்போது துளையிட்டால் இரும்புத் துகள் வால்வுகளின் மேலேயே விழும்.

இனி அந்தச் சிறு துளை. உங்கள் ஃபில்டர் தலைக்குள் 1.5 மி.மீ. அளவில் ஒரு ரிஸ்ட்ரிக்டர் துளை, அதாவது ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துளை, இருக்கிறதா என்று குழாயை மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். சிலவற்றில் அது தனி இணைப்பாக வரும், பெட்டியிலேயே விட்டுவிட்டு மாட்டுபவர்கள் உண்டு. 3 பார் அழுத்தத்தில் 1.5 மி.மீ. துளை வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் போகும். துளையை இரு மடங்காக்கி 3 மி.மீ. ஆக்கினால் ஓட்டம் நான்கு மடங்காகி 8 லிட்டரைத் தொடும். சூடான இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது பம்ப் தருவதே குறைவு, அதில் இவ்வளவு கசிந்தால் பேரிங்குக்கு எது மிஞ்சும்? சீக்கிரம் வடிகட்டட்டும் என்று அந்தத் துளையைப் பெரிதாக்குபவர்களும் இருக்கிறார்கள். அது இன்ஜினைக் கொல்லும் வேலை.

பிராக்கெட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆயில் நிறைந்த ஃபில்டரும் தலையும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குக் குறையாது. மட்கார்டின் மெல்லிய தகட்டில் வெறும் போல்ட் போட்டால் தகடே கிழியும். 4 மி.மீ. தகட்டில் பிராக்கெட் செய்து, மறுபுறம் அகலமான இன்னொரு தகட்டை அணை கொடுத்து, ஒரு முனையை ரேடியேட்டர் சட்டத்தோடு சேர்த்துப் பிடியுங்கள்.

ஏலமலை ஓட்டுநர், கம்பம்

ஐயா, உங்கள் அறிவுரைப்படி எஃகு டீ, ஆர்14 குழாய், டேப்பட் கவர் வழித் திருப்பம் என்று முடிவுசெய்துவிட்டேன். ரிஸ்ட்ரிக்டர் தலைக்குள்ளேயே இருக்கிறது. மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தேன், துளை தெளிவாக இருக்கிறது. பொருத்தி முடித்த பின் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால் வேலையைத் தொடங்கிவிடுவேன்.

பதில் 7: பணிமனை மேற்பார்வையாளர் (ஓய்வு), சின்னமனூர்

புதிய ஃபில்டரில் முடிந்த அளவு ஆயிலை ஊற்றி ஊறவிட்ட பிறகு திருகுங்கள். அதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரஷர் விளக்கைப் பாருங்கள். ஃபில்டரும் குழாய்களும் நிறையும் வரை வழக்கத்தைவிடச் சிறிது தாமதமாக அணையலாம். சில விநாடிகளுக்குள் அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அணைந்த பின் ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, காகிதத் துண்டால் ஒற்றிப் பாருங்கள். ஃபில்டர் உடலைத் தொட்டால் இன்ஜின் சூடேறும்போது அதுவும் மெல்லச் சூடேற வேண்டும். கடைசிவரை குளிர்ந்தே இருந்தால் ஆயில் உள்ளே போகவில்லை என்று அறியலாம்.

பிறகு நிறுத்தி, ஆயில் இறங்கும்வரை பொறுத்து டிப்ஸ்டிக் பாருங்கள். ஃபில்டரும் குழாயும் குடித்த அளவு குறைந்திருக்கும், மேல் கோடு வரை நிரப்புங்கள். அந்தக் கூடுதல் அளவைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த ஆயில் மாற்றத்தில் தடுமாற வேண்டியிராது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்தும், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இறக்கியும் குழாய் எங்கும் படவில்லை என்று உறுதிசெய்யுங்கள். முதலில் ஆள் ஏற்றாமல் லோயர் கேம்ப் வரை சமதரையில் போய்வந்து இணைப்புகளைப் பாருங்கள். அதன் பிறகு வெறும் வண்டியாகவே மெட்டு ஏறி இறங்கி, இன்ஜின் நன்றாக ஆறியதும் எல்லா மரைகளையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். தொழிலாளர்களை ஏற்றுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.